படுக்கத் தெரியாத உடம்பு

பதுளைப் பட்டணத்துக்கு மேலே மிஷன்காரர்கள் நடத்திவந்த ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையின் மைதானத்தில், காலை வேளைகளில் பனி இடுப்பளவுக்கு நிற்கும். அந்தப் பனிக்குள் மாணவர்கள் வெறுங்காலோடு வரிசை கட்டி நிற்பார்கள். எல்லாரும் பதினெட்டு, இருபது வயது வாலிபர்கள். தேயிலைத் தோட்டத்து லயங்களில், கூலிகளின் வரிசை வீடுகளில் பிறந்து, உபதேசியாரிடம் எழுத்துப் படித்து, பாதிரிமாரின் கண்ணில் பட்டு, தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு வாத்தியாராகப் போவதற்கென்று பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். வரிசையின் கடைசி ஆள் யேசுரத்தினம். உயரத்தின்படி நிறுத்தினாலும் அவன்தான் கடைசி, உடம்பின்படி நிறுத்தினாலும் அவன்தான் கடைசி.

அவன் ஸ்பிரிங்வெளிக்கு மேலே இருக்கும் ஊசிமலைத் தோட்டத்துக்காரன். சின்ன வயதில் வந்த காய்ச்சல்கள் அவன் வயிற்றின் இடது பக்கத்தில் ஒரு கட்டியை விட்டுவிட்டுப் போயிருந்தன. நாலு எட்டு ஓடினால் அந்த இடத்தில் யாரோ விரலை விட்டுத் திருகுவது போல வலிக்கும். காலைத் தேகப்பயிற்சி மணி அடித்தாலே அவனுக்கு முகம் சுண்டிவிடும்.

பயிற்சி கொடுத்தவர் பாக்கியநாதன் மாஸ்டர். தியத்தலாவைப் பட்டாள முகாமின் சாமான் அறையில் வருஷக்கணக்காக வேலை பார்த்து, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பழகுவதைப் பார்த்துப் பார்த்தே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டவர். அவர் நடந்து வருவதைப் பார்த்தால் முதுகுக்குள் ஒரு மூங்கில் கழியைச் செருகி வைத்தது போல இருக்கும். கடுமையான மனிதர் என்று சொல்லிவிட முடியாது. யாருக்காவது கால் பிசகினால் அவரே உட்கார்ந்து எண்ணெய் போட்டு நீவிவிடுவார். மாணவர்கள் சாப்பிட்ட பிறகுதான் அவர் தட்டில் கை வைப்பார். ஆனால் மைதானத்தில் இறங்கிவிட்டால் அவருக்கு ஒரு வெறி வந்துவிடும்.

"எங்கப்பன் செத்தப்போ அவர நேராக் கிடத்த முடியலடா," என்று ஒரு நாள் அவர் வரிசைக்கு முன்னால் நின்று சொன்னார். "தொரையக் கண்டு கண்டு குனிஞ்ச முதுகு. பொணமானப்புறமும் நிமிரல. உங்க அப்பன்மாருக்கும் அப்படித்தான். நீங்க படிக்கிற கணக்கும் பூகோளமும் எனக்குத் தெரியாது. நான் உங்களுக்குச் சொல்லித் தர்றது ஒண்ணே ஒண்ணு. நிமிர்ந்து நில்லுங்க. உடம்பு முடியலன்னு சொல்லும். அத நீ கேக்காத. நீ சொல்றத உடம்பு கேக்கணும்."

அந்தப் பேச்சைக் கேட்டபோது யேசுரத்தினம்கூடத் தன்னையறியாமல் முதுகை நிமிர்த்தினான். அவனுடைய அப்பனும் கூடையைப் போலவே வளைந்து போய்ச் செத்தவர்தான்.

அந்த வகுப்பில் மாஸ்டரின் கண்மணியாக இருந்தவன் அழகையா. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் புல்லு வெட்டுகிறவரின் மகன். கலாசாலைக்கு வந்தபோது அவனும் யேசுரத்தினத்தைப் போல விலா எலும்பு தெரிகிற ஆள்தான். இருவருடைய பாயும் அடுத்தடுத்துக் கிடந்தன. இரண்டு பேரும் ஒரே சோற்றைத் தின்று, ஒரே மைதானத்தைத்தான் சுற்றினார்கள். ஒன்றரை வருஷத்துக்குள் அழகையாவின் நெஞ்சு கதவுப் பலகை மாதிரி அகன்றுவிட்டது. தோளில் சதை திரண்டது. குரல்கூட மாறி, எங்கோ அடியிலிருந்து வந்தது. மேற்பார்வைக்குப் பெரிய பாதிரியாரோ, வித்தியா பகுதி என்ற கல்வி இலாகாத் துரைமாரோ வந்தால், மாஸ்டர் அவனை முன்னால் கூப்பிட்டுச் சட்டையைக் கழற்றச் சொல்லிக் காட்டுவார்.

யேசுரத்தினத்துக்குப் பொறாமை இல்லையென்று சொன்னால் அது பொய். ஆனால் ஓட்டத்தில் அவன் பின்தங்கும்போதெல்லாம் அழகையா வேகத்தைக் குறைத்துக்கொண்டு பின்னால் வருவான். முதுகில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளுவான். "மாஸ்டர் பாக்கல. மூச்ச வாயால இழுக்காதடா, மூக்கால இழு," என்பான். அந்தக் கையின் சூட்டில் யேசுரத்தினம் எப்படியோ சுற்றை முடித்துவிடுவான்.

அவனுக்கும் அந்தப் பயிற்சி ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. முன்பெல்லாம் விடுமுறைக்கு ஊசிமலை ஏறும்போது வழியில் கல்லைக் கண்ட இடமெல்லாம் உட்காருவான். போன தடவை எங்கும் உட்காராமல் லயத்து வாசல் வரை ஏறிவிட்டான். அம்மா அந்தோனியம்மா ஆச்சரியப்பட்டாள். அவன் அதை மாஸ்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் இரண்டு சுற்று ஓடச் சொல்லுவார் என்று பயம்.

ஐரோப்பாவில் சண்டை நாலாவது வருஷத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்த காலம் அது. அரிசி கிடைப்பது கஷ்டமாயிருந்தது. ஐப்பசி மழை பிடித்த சமயத்தில், கொழும்பில் ஒரு காய்ச்சல் கிளம்பியிருப்பதாகப் பண்டாரவளை ரயிலடியிலிருந்து மூட்டை ஏற்றி வந்த வண்டிக்காரர்கள் சொன்னார்கள். சொன்ன வண்டிக்காரர்களில் ஒருவன் அடுத்த வாரம் செத்துப்போனான். அதன் பிறகு யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. பட்டணத்துக் கடைத்தெருவில் பாதிக் கதவுகள் திறக்கவில்லை. கலாசாலை விடுதியிலும் ஐந்தாறு பேர் விழுந்தார்கள். பாடம் நின்றது. பக்கத்து ஊர்க்காரர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அப்போதுதான் ஊசிமலைத் தோட்டத்துத் துரையிடமிருந்து பாதிரியாருக்கு ஆள் வந்தது. லயம் லயமாகச் சனங்கள் விழுந்து கிடக்கிறார்கள், தண்ணீர் கொடுக்கவும் ஆள் இல்லை, புதைக்கவும் ஆள் இல்லை, மிஷனில் இருந்து யாராவது வர முடியுமா என்று கேட்டிருந்தார். பாதிரியார் தயங்கினார். பாக்கியநாதன் மாஸ்டர் தயங்கவில்லை.

"நாங்க போறோங்க," என்றார். "இதுக்குத்தானே இத்தன நாள் உடம்பத் தயார் பண்ணினோம்."

மாஸ்டர் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து பலசாலிகளாக எட்டுப் பேரைத் தொட்டார். அழகையாவை முதலில் தொட்டார். கடைசியில் நின்ற யேசுரத்தினத்திடம் வந்ததும், "நீ விடுதியிலயே இரு," என்றார்.

"எங்கம்மா அங்கதாங்க இருக்கு," என்றான் யேசுரத்தினம்.

மாஸ்டர் அவனை ஒரு கணம் பார்த்தார். "சரி வா. பாரமா எதையும் தூக்காத."

கடைத்தெருவைக் கடக்கும்போது வாஹித் நானாவின் துணிக்கடை மட்டும் ஒரு பலகை திறந்திருந்தது. மையித்துத் துணிக்கென்று, பிணத்தைச் சுற்றுவதற்கென்று வைத்திருந்த வெள்ளைத் துணியில் மிச்சமாக இருந்ததை அவர் மாஸ்டரின் கையில் கொடுத்தார். அவருடைய கண்கள் சிவந்திருந்தன. "எங்க வீட்டுக்கு வேண்டியத எடுத்து வச்சிட்டேன்," என்றார். "மத்தது உங்களுக்கு ஆகட்டும். இனி பட்டணத்துல எங்க தேடினாலும் வெள்ளத் துணி கெடையாது." மாஸ்டர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்பிரிங்வெளிப் பாதையில் முன்னால் நடந்தார்.

ஊசிமலையில் அவர்கள் முதலில் கேட்டது சத்தமின்மையைத்தான். கொழுந்து முற்றிப்போய்ச் செடிகள் தலை விரித்து நின்றன. பெரட்டுக் களத்தில், விடியலில் ஆள் நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற அந்த இடத்தில், ஒரு நாய் படுத்திருந்தது. லயத்துக் காம்பராக்களின் கதவுகள் திறந்து கிடந்தன. உள்ளே கம்பளிகளுக்கும் சாக்குகளுக்கும் கீழே ஆட்கள் கிடந்தார்கள். சில கம்பளிகள் அசைந்தன, சில அசையவில்லை. ஒரு காம்பராவில் உயிரோடு இருந்த குழந்தை உயிரில்லாத தாயின் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய சீலை முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தது.

அந்தோனியம்மா லயத்தின் கடைசியில் இருந்த தொங்கல் காம்பராவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் காய்ச்சல் வந்து இறங்கிவிட்டிருந்தது. மகனைக் கண்டதும் அழக்கூடத் தெம்பில்லாமல், "ஏன்யா வந்த?" என்று மட்டும் கேட்டாள்.

தோட்டத்து மருந்துக்கார ஐயா ஒருவர் இருந்தார். பல நாள் தூங்காத முகம். "மருந்து முடிஞ்சு போச்சு," என்றார் மாஸ்டரிடம். "இருந்தப்பவும் காய்ச்சல் அதுக்குப் பெரிசா ஒண்ணும் கேக்கல. படுக்க வைங்க. சூடா ஏதாவது குடிக்கக் குடுங்க. காய்ச்சல் விட்டப்புறமும் எழும்ப விடாதீங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

மாஸ்டர் வேலையைப் பங்கிட்டார். இரண்டு பேர் மலைத் தண்ணீர் விழும் பீலியிலிருந்து தண்ணீர் பிடித்துக் காம்பரா காம்பராவாக ஊற்ற வேண்டும். இரண்டு பேர் கஞ்சி காய்ச்ச வேண்டும். மற்றவர்கள் குழி வெட்ட வேண்டும். தேயிலை மலை முடிகிற இடத்தில், சவுக்கு மரங்களுக்குப் பக்கத்தில் புதைகாடு. மழையில் மண் களியாகிக் கிடந்தது. அழகையா மண்வெட்டியை எடுத்தான். அவன் ஒருவனே இரண்டு ஆள் வேலை செய்தான். பெரிய ஆட்களின் பிணங்களைத் தனியாகவே தோளில் போட்டுக்கொண்டு மலையில் இறங்கினான். குழிக்குள் அவர்களைப் போடாமல், தானே இறங்கிக் கிடத்திவிட்டு ஏறி வந்தான். அவனைப் பார்த்துப் பார்த்து மற்றவர்களும் வேலை செய்தார்கள்.

யேசுரத்தினம் கஞ்சி வாளி தூக்கினான். இரண்டாம் நாள் பகலில் வாளி கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவன் அப்படியே வாசற்படியில் விழுந்தான். கண் விழித்தபோது அம்மாவின் கம்பளிக்குள் கிடந்தான். எலும்பை யாரோ அடித்து நொறுக்கியது போல வலி. எழும்ப முயன்றான், கை ஊன்றவில்லை. காம்பரா வாசலில் மாஸ்டர் நின்றார்.

"அவன் கெடக்கட்டும்," என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போனார். அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் யேசுரத்தினத்துக்கு அவமானமாக இருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதான்.

அவன் விழுந்த மறுநாளே மற்றவர்களுக்கும் காய்ச்சல் கண்டது. இருவர் நடுங்கிக்கொண்டு மாஸ்டரிடம் வந்தார்கள். அவர்களை மாஸ்டர் படுக்கச் சொல்லவில்லை. தியத்தலாவையில் சிப்பாய்களுக்குக் குளிர் பிடித்தால் என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியும். கம்பளியைப் போர்த்துக்கொண்டு வண்டிப் பாதையில் மேலும் கீழும் ஓடச் சொன்னார். வேர்த்தால் காய்ச்சல் இறங்கிவிடும் என்றார்.

மருந்துக்கார ஐயா அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "என்னங்க பண்றீங்க? படுக்க வைக்கச் சொன்னேனே!"

"அது லயத்து ஆளுகளுக்குச் சொன்னீங்க," என்றார் மாஸ்டர். "அதுக தின்னாத உடம்பு. என் பையன்க உடம்பு வேற. ஒன்றர வருஷம் நான் பழக்கினது."

மருந்துக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மேல் லயத்திலிருந்து யாரோ கத்திக் கூப்பிட்டார்கள். அவர் போய்விட்டார்.

அன்று மத்தியானம் அழகையா தொங்கல் காம்பராவுக்கு வந்தான். வாசற்படியில் உட்கார்ந்து தூணில் தலையைச் சாய்த்தான். கை கால் எல்லாம் களிமண். கண்கள் சிவந்து, பளபளவென்று நீர் கோத்திருந்தன. யேசுரத்தினம் கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டி அவன் முழங்காலைத் தொட்டான். கொதித்தது.

"டேய், உனக்கும் காயுதுடா."

"தெரியும். காலையில இருந்தே."

"மாஸ்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். ஓடச் சொன்னாரு. ஓடினேன். வேர்த்துச்சு. கொஞ்சம் லேசாயிருந்துச்சு. இப்ப மறுபடி..." அவன் முடிக்கவில்லை. இருமினான்.

"இங்க படுடா. அம்மா கம்பளி பெருசுதான். ரெண்டு பேருக்கும் காணும்."

அழகையா காம்பராவுக்குள் பார்த்தான். அந்தக் கம்பளியைத் தண்ணீர்த் தாகம் எடுத்தவன் தண்ணீரைப் பார்ப்பது போலப் பார்த்தான் என்று யேசுரத்தினத்துக்குத் தோன்றியது.

"நான் படுத்தா மத்தவனெல்லாம் படுத்திருவான்டா," என்றான். "அப்புறம் யாரு பொதைக்கிறது? மேல் லயத்துல இன்னும் மூணு பேரு அப்படியே கெடக்கு."

"கெடக்கட்டும்டா. செத்தவங்களுக்கு என்ன அவசரம்?"

அழகையா சிரிக்கப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "மாஸ்டரு எல்லார் முன்னாலயும் என்னத்தான்டா காட்டினாரு. என் உடம்பத்தான் காட்டினாரு. இப்ப நான் எப்படிடா போயி படுப்பேன்?"

அந்தோனியம்மா மூலையிலிருந்து, "ராசா, படுய்யா, கொத்தமல்லித் தண்ணி வச்சுத் தாறேன்," என்றாள். அவன் கையைக் கும்பிடுவது போல வைத்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு எழும்பினான். எழும்பியதும் முதுகை நிமிர்த்தினான். அப்படியே நிமிர்ந்தபடி மழைக்குள் இறங்கிப் போனான்.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் அவனை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குழி வெட்டிக்கொண்டிருந்தவன் மண்வெட்டியோடு குழிக்குள்ளேயே சாய்ந்துவிட்டானாம். யேசுரத்தினத்தின் பக்கத்திலேயே கிடத்தினார்கள். உதடும் நகமும் நாவற்பழ நிறமாக மாறியிருந்தன. மூக்கிலிருந்து இரத்தம் நுரையாக வந்தது. அந்த அகன்ற நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. அத்தனை பெரிய நெஞ்சுக்குள் கொஞ்சம் காற்றுகூடப் போகவில்லை. மாஸ்டர் அவனுடைய தலைமாட்டில் முழந்தாளிட்டு, "மூக்கால இழு, அழகையா, மூக்கால," என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். அந்தோனியம்மா செபம் சொன்னாள். யேசுரத்தினத்துக்கு எழும்பி உட்காரவும் முடியவில்லை. தன் உள்ளங்கையை அழகையாவின் முதுகுக்குக் கீழே கொடுத்து வைத்துக்கொண்டான். பொழுது சாய்வதற்குள் அந்த முதுகின் சூடு தணிந்துபோயிற்று.

வாஹித் நானா தந்த துணி அதற்கு முன்பே தீர்ந்து போயிருந்தது. அழகையாவைக் கம்பளியில் சுற்றிப் புதைத்தார்கள். அவன் வெட்டத் தொடங்கிய குழியிலேயே அவனைப் புதைத்தார்கள் என்று யேசுரத்தினம் பிறகு கேள்விப்பட்டான்.

கம்பளியோடு ஓடின மற்ற இருவரும் அந்த வாரமே அடுத்தடுத்துச் செத்தார்கள். இருவருமே முன்வரிசைக்காரர்கள். மற்றவர்களை மாஸ்டர் அதன் பிறகு வாய் திறக்காமல் படுக்க வைத்தார். அவர்கள் பிழைத்தார்கள். விடுதியில் முதலிலேயே விழுந்து, யாரும் எழுப்பாமல் கிடந்தவர்கள் எல்லாரும் பிழைத்திருந்தார்கள். யேசுரத்தினமும் பிழைத்தான். வயிற்றில் கட்டியோடு, வரிசையின் கடைசியில் நின்றவன் பிழைத்தான்.

இதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு விளங்கவில்லை. படுத்துக் கிடந்தே செத்தவர்களும் லயத்தில் எத்தனையோ பேர் இருந்தார்கள். அந்தக் காய்ச்சல் வாலிபர்களைத்தான் தேடித் தேடிப் பிடித்தது என்று மருந்துக்கார ஐயா சொன்னார். கிழடுகளையும் நோஞ்சான்களையும் அது பாதியில் விட்டுவிட்டுப் போனது. ஆக, பயிற்சி இல்லாவிட்டாலும் அழகையா செத்திருப்பானோ என்னவோ. யாருக்குத் தெரியும்? ஆனால் வாசற்படியில் உட்கார்ந்து அவன் கம்பளியைப் பார்த்த பார்வை யேசுரத்தினத்துக்குத் தெரியும். அந்தப் பார்வையைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். அம்மா அதைப் பற்றிப் பேசவேயில்லை.

மார்கழி பிறந்த பிறகு அழகையாவின் தகப்பன் சவரியான் கலாசாலைக்கு வந்தார். செய்தி அவருக்குப் போய்ச் சேரவே நாளாகியிருந்தது. அவரும் படுத்து எழும்பியிருந்தார். ஹல்துமுல்லையிலிருந்து பெரகல ஏற்றம் ஏறி, வழியில் அங்கங்கே தங்கித் தங்கி நடந்தே வந்திருந்தார். குனிந்த முதுகு. கையில் கம்பு. விடுதி வராந்தாவில், மகனின் சாமான்களை வாங்குவதற்காகத் தரையில் உட்கார்ந்திருந்தார். பாக்கியநாதன் மாஸ்டர் வந்ததும் எழும்பப் பார்த்தார்.

"உக்காருங்க, உக்காருங்க," என்றார் மாஸ்டர். தாம் மட்டும் உட்காரவில்லை. நேராக நின்றபடியே, மனப்பாடம் செய்து வைத்ததைப் போலப் பேசினார். "உங்க மகன் மாதிரி ஒரு பையன நான் பாத்ததில்லைங்க. கடைசி வரைக்கும் நின்னான். ஒரு தடவகூட முடியலன்னு வாயால சொல்லல."

சவரியான் அவரை அண்ணாந்து பார்த்தார். "முடியலன்னு சொல்லலீங்களா?"

"சொல்லல."

"அவனா?"

"ஆமாங்க."

சவரியான் கொஞ்ச நேரம் கம்பைத் தரையில் உருட்டிக்கொண்டிருந்தார். "சின்னதுல அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தாப் போதுங்க," என்றார். "காம்பராவையே ரெண்டு பண்ணிருவான். அம்மா மடிய விட்டு எறங்க மாட்டான். முடியல முடியலன்னு ஓயாம அழுவான். நாலு நாளைக்கு எழும்பவே மாட்டான். நாங்களும் எழுப்ப மாட்டோம். அப்படித்தான் எத்தனையோ காய்ச்சலுக்குத் தப்பினான்." "இங்க யாரும் அவனப் படுக்கச் சொல்லலீங்களா?"

மாஸ்டர் பார்வையை மைதானத்துப் பக்கம் திருப்பினார். வராந்தாவின் ஓரத்தில் அழகையாவின் மூட்டையை வைத்துக்கொண்டு நின்ற யேசுரத்தினத்தின் பக்கம் கிழவரின் கண் திரும்பியது.

"நான் சொன்னேங்க," என்றான் யேசுரத்தினம். "எங்கம்மாவும் சொன்னாங்க."

"கேக்கலியா?"

"கேக்கலீங்க."

"இங்க வந்தப்புறந்தானே கேக்காதவனா ஆயிருக்கான்," என்றார் சவரியான். யாரையும் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. ஒரு விஷயம் இப்போதுதான் பிடிபட்டவர் போலத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பாக்கியநாதன் மாஸ்டரின் கை அரைக்கால்சட்டையின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. அவர் ஏதோ சொல்லப் போகிறார் என்று யேசுரத்தினம் காத்திருந்தான். அவர் திரும்பி, வராந்தாவை விட்டு இறங்கி, மைதானத்தைக் கடந்து போனார். அப்போதும் அவர் முதுகு நேராகத்தான் இருந்தது. அதைப் பார்க்க யேசுரத்தினத்துக்குப் பயமாக இருந்தது.

மூட்டையில் ஒரு வேட்டியும், பைபிளும், விடுதியில் தைத்துக் கொடுத்த சட்டையும் இருந்தன. சவரியான் சட்டையை விரித்துப் பிடித்தார். தோளுக்குத் தோள் அளந்து பார்த்தார்.

"இவ்வளவு பெருசாவா இருந்தான்?" என்றார். மகனை அவர் கடைசியாகப் பார்த்தது போன வருஷத்து விடுமுறையில். "வீட்டுல யாருக்கும் இது சேராதே. நீ போட்டுக்க தம்பி."

யேசுரத்தினம் வேண்டாம் என்றான். கிழவர் விடவில்லை. அவனைக் குனியச் சொல்லித் தானே மாட்டிவிட்டார். சட்டையின் தோள் முழங்கைக்கு இறங்கியது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். சவரியான் மெதுவாகச் சட்டையைக் கழற்றி மடித்து மூட்டைக்குள் வைத்துக்கொண்டார். பண்டாரவளைப் பாதை பிரிகிற இடம் வரை யேசுரத்தினம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனான். அந்தச் சின்ன ஏற்றத்துக்கே இருவருக்கும் மூச்சு வாங்கியது. கிழவர் உட்கார்ந்த இடத்திலெல்லாம் அவனும் உட்கார்ந்தான்.

தை மாதம் கலாசாலை மறுபடி தொடங்கியது. புது மாணவர்கள் சிலர் வந்திருந்தார்கள். முதல் நாள் காலையே தேகப்பயிற்சி மணி அடித்தது. பனிக்குள் வரிசை நின்றது. முன்வரிசையில் மூன்று இடம் காலி. பின்னால் நின்றவர்களை முன்னுக்கு வரச் சொன்னார் மாஸ்டர். அப்படி யேசுரத்தினம் வரிசையின் நடுவுக்கு வந்துவிட்டான். மாஸ்டர் மெலிந்திருந்தார். குரல் மட்டும் மாறவில்லை. புதியவர்களைப் பார்த்துச் சொன்னார்: "போன வருஷம் உங்களுக்கு முன்னால மூணு பேரு நின்னாங்க. அவங்க மாதிரி இருக்கணும். அவங்க பலம் அந்தக் காய்ச்சலுக்குக் கொஞ்சம் பத்தாமப் போச்சு. நாம இன்னும் பலப்படணும். ஓடுங்க!"

வரிசை ஓடத் தொடங்கியது. யேசுரத்தினமும் ஓடினான். காய்ச்சலுக்குப் பிறகு அவனுடைய நெஞ்சுக்குள் ஏதோ ஒட்டிக்கொண்டது போல இருந்தது. பாதிச் சுற்றில் கண் இருட்டியது. முதுகில் கை வைக்க யாரும் இல்லை. அவன் ஓட்டத்தை நடையாக்கினான். பிறகு நின்றான். பிறகு வரிசையை விட்டு விலகிப்போய், மைதானத்து ஓரத்துக் கல்கட்டில் உட்கார்ந்தான். கேட்டுக்கொண்டு உட்காரவில்லை. அந்தக் கலாசாலையில் அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை.

"யேசுரத்தினம்! எழும்பு!"

"முடியலீங்க மாஸ்டர்."

மாஸ்டர் அவனை நோக்கி வந்தார். பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய தாடை அசைந்துகொண்டிருந்தது. அடிக்கப் போகிறார் என்றுதான் யேசுரத்தினம் நினைத்தான். அடித்தாலும் எழும்புவதில்லை என்று கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "முடியலீங்க," என்று இன்னொரு தடவை சொன்னான். சத்தமாகச் சொன்னான். ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கும் அது கேட்டது.

ஓடினவர்களில் ஊசிமலைக்குப் போய்த் திரும்பிய ஒருவன் வேகத்தைக் குறைத்தான். அவனும் வந்து கல்கட்டில் உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன் வந்தான். யாரும் மாஸ்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. மூவருடைய மூச்சும் கேட்டுக்கொண்டிருந்தது.

பாக்கியநாதன் மாஸ்டர் அவர்களுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, மைதானத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த புதிய பையன்களின் காலடிக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார். எண்ணிக்கை அடிக்கடி தவறியது. பையன்கள் தவறின எண்ணுக்கே காலை மாற்றி மாற்றி வைத்து ஓடினார்கள்.